என்ரை காலை முறிச்சவன்ரை கிண்ணம்

ஓம் அண்ணை, கப்பிலை ஒட்டுற தகட்டிலை என்ன வெட்டிறதெண்டு சொல்லுறன், சொல்லுறன். அதுக்குத்தானே பருத்தித்துறையிலையிருந்து பஸ் ஏறி வந்தனான். முதல் உந்த ஸ்டூலை ஒருக்கா இஞ்சாலை தள்ளிவிடுங்கோ, இந்த வலதுகாலை நீட்டி வைக்க. மடக்கிக்கொண்டிருந்தால் பிறகு எழும்பேலாது.

வாதமோ? சீச்சீ, எனக்கு நாப்பது கூட ஆகேல்லை. பந்தடிச்ச கால் அண்ணை. எங்கடை வெண்சங்குக் கழகத்துக்குப் பள்ளிக்கூடக் காலத்திலையிருந்து முன்னுக்கு நிண்டு கோல் அடிக்கிற போர்வேட். ஜெயரூபன் எண்டு எங்கடை கரைப்பக்கம் கேட்டுப் பாருங்கோ, ஆருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியேல்லையோ? அதுசரி, நீங்கள் கப்பைத்தான் கண்டிருப்பியள், தூக்கினவனை எங்கை கண்டியள்.

இல்லை, தேத்தண்ணி வேண்டாம். இப்பதான் பஸ் ஸ்ராண்டிலை குடிச்சிட்டு வாறன். வடையும் திண்டனான்.

முதல் முறிஞ்சது கை. மழைக்குள்ளை ஒரு பைனல், முழங்கால் மட்டும் சேறு. கோணர் பந்துக்குத் தலை குடுத்திட்டு விழுந்தன், விழேக்கை கை உடம்புக்குக் கீழை மாட்டிப் போச்சு. பந்து உள்ளை. பெடியள் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள், நான் கை, கை எண்டு கத்துறன், ஒருத்தனுக்கும் கேக்கேல்லை. முறிஞ்ச கையோடை கிரவுண்டைச் சுத்திக் கொண்டுபோனவங்கள், அறுவான்கள். அது எனக்கு நல்ல சந்தோசமான நாள். இப்பவும் நினைச்சால் சிரிப்பு வரும். இண்டைக்குத்தான் வரேல்லை.

அதுக்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம். நான் பந்தை எடுத்தால் சனம் கதிரையை விட்டு எழும்பும். கொழும்பிலையிருந்து ஒரு கிளப் ஆள் அனுப்பிக் கேட்டது, சம்பளத்தோடை, தங்க அறையோடை. அடுத்த மாசம் போறதெண்டு அம்மா உடுப்புப் பெட்டியும் வாங்கி வைச்சிட்டா. போக முதல் ஊருக்கு ஒரு மட்ச் அடிச்சிட்டுப் போவமெண்டு இறங்கினன். பக்கத்து ஊர்க் கழகத்தோடை. அவங்களுக்குப் பின்னுக்கு மறிக்கிற பக் நிண்டவன் பிரகலாதன் எண்டு ஒருத்தன், கடல்தொழில், மாடு மாதிரி உடம்பு. நான் அவனை வெட்டிக்கொண்டு போறன், அவன் சறுக்கிக்கொண்டு வாறான். முருங்கைக்கொப்பு முறிஞ்ச சத்தம். பந்து அங்காலை போகுது, என்ரை பாதம் இஞ்சாலை பாத்துக்கொண்டு கிடக்கு. எலும்பும் போச்சு, முழங்கால் சவ்வும் போச்சு, கொழும்பும் போச்சு.

ஆஸ்பத்திரியாலை வீட்டை வந்த அடுத்தநாள் விடிய உவன் எங்கடை படலையிலை நிக்கிறான். ஓம், பிரகலாதன்தான். கையிலை ஒரு உமல் நிறைய நண்டு! அம்மா தும்புத்தடியோடை வெளிக்கிட்டா. காயக்காரனுக்கு நண்டு குடுத்தால் கிரந்தியெல்லோ, முறிச்சது காணாதெண்டு புண்ணாக்கிக் கொல்லவும் வந்தனியோ எண்டு அவன்ரை பரம்பரையையே இழுத்துப் பேசினா. அவன் எல்லாத்தையும் கேட்டிட்டு, அடுத்தநாள் விளைமீன் கொண்டு வந்தான். அதுக்கடுத்த நாளும் வந்தான். ஆஸ்பத்திரி, பேந்து மூலிகைப் புக்கை கட்டப் பரியாரியார் வீடு, எல்லாத்துக்கும் அவன்ரை மோட்டச்சைக்கிள்தான். கால் மடங்காதெண்டு என்னைப் பின்பக்கம் பாக்க இருத்தி, தன்ரை முதுகோடை சாரத்தாலை சேத்துக் கட்டிக்கொண்டு போவான். றோட்டிலை போற சனமெல்லாம் நிண்டு பாக்கும். எனக்கு மானம் போகும், அவன் பாட்டுப் பாடிக்கொண்டு ஓடுவான்.

நான் விசரன், எனக்காகத்தான் வாறான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். என்ரை தங்கச்சி மதுரா அவன்ரை தேத்தண்ணிக்கு ரெண்டு கரண்டி சீனி கூடப் போடேக்கைதான் விளங்கிச்சு.

கலியாணம் முடிய அவன் எங்கடை ஊருக்கு வந்திட்டான். எங்களிலை மாப்பிளைதானே பொம்பிளை வீட்டை வாறது. வீடு மாறினால் கழகமும் மாறும். அவன்ரை ஊர்ப் பெடியள் துரோகி எண்டு மதிலிலை தாராலை எழுதினவங்கள். பிறகென்ன, பின்னுக்கு அவன், முன்னுக்கு நான். வலதுகால் சரியாத் தேற ரெண்டு வருசம் எடுத்தது, தேறியும் பழைய கால் இல்லை. அவன்தான் விடியக் கடலாலை வந்து, நித்திரையும் கொள்ளாமல், மணலுக்கை என்னை இடதுகாலாலை அடிக்கப் பழக்கினது. மச்சான், உன்ரை ஒரு காலைத்தானே முறிச்சனான், மற்றதைச் சும்மாவே வைச்சிருக்கிறாய் எண்டு பகிடி விடுவான். கேட்டால் கோவம் வரும், சிரிப்பும் வரும். பைனலிலை அவன்ரை ஊரோடையே மோதினம். அவன் பின்னுக்கிருந்து தூக்கிப் போட்டான், நான் இடதுகாலாலை இறக்கினன். ஒண்டுக்குச் சுழியெண்டு எங்களுக்கு வெற்றி. கப்பை என்னட்டைத் தராமல் தன்ரை தலையிலை கவிட்டுக்கொண்டு ஆடினவன். அதோடை என்ரை முழங்கால் திரும்பவும் போச்சு. நான் விட்டிட்டன். இப்ப கழகத் தலைவர் எண்டு ஒரு கதிரை தந்திருக்கிறாங்கள்.

ஓம் அண்ணை, கப் அவன்ரை பேரிலைதான். பிரகலாதன் வெற்றிக்கிண்ணம். ஞாயிற்றுக்கிழமை மட்ச்.

உங்கடை அலுமாரியிலை இருக்கிற கப்புகளை வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். எல்லாம் அமரர் இன்னார் ஞாபகார்த்தம். எங்கடை பக்கத்திலை உயிரோடை இருக்கிறவனுக்கு ஆர் கப் வைக்கிறது. பிரகலாதன் போன மார்கழி தனியக் கடலுக்குப் போனவன். காத்து மாறிப் போச்சு. எங்கடை ஆக்கள் தேடிப்போய் போட்டை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தவை. எஞ்சினும் கிடந்தது, வலையும் கிடந்தது, அவன் இல்லை.

மதுரா பொட்டு அழிக்கேல்லை. ஆளைக் காணாமல் அந்தியேட்டி செய்யேலாதெண்டு ஐயரைத் திருப்பி அனுப்பினவள். இந்தியாவிலை ஏதாவது மறியலிலை, சிறையிலை இருப்பார், எல்லை தாண்டினதெண்டு பிடிச்சிருப்பாங்கள், எத்தினை பேர் அப்பிடி இருந்து வந்தவை எண்டு சொல்லுவாள். வந்தவைதான், பொய்யில்லை. அவனுக்கு எண்டு சோறு எடுத்து வைப்பாள். கனடாவிலை இருக்கிற எங்கடை பெடியள் அவன்ரை ஞாபகார்த்தமாக் கிண்ணம் வைக்கக் கேட்டு எழுதினவங்கள். நான் கூட்டத்திலை எழும்பி நிண்டு கத்தினனான். கிண்ணம் வையுங்கோ, அமரர் எண்டும் ஞாபகார்த்தம் எண்டும் ஒரு இடத்திலையும் போடப்படாது, போட்டால் நான் தலைவர் இல்லை எண்டு. ஒத்துக்கொண்டவங்கள். மதுரா தன்ரை கையாலை கப் குடுக்க ஓமெண்டதும் அதாலைதான். அவர் வந்து படத்திலை பாக்கேக்கை சந்தோசப்படுவார் அண்ணா எண்டாள். நேற்றுச் சீலையும் எடுத்து வைச்சவள். சிவப்பு.

ஓம், தெரியும், நீங்கள் கடை பூட்டோணும். எந்த மாதிரி வெட்டிறதெண்டு மூண்டு தரம் கேட்டிட்டியள்.

பின்னேரம் நான் பஸ்ஸிலை ஏறி இருக்க ஒரு போன் வந்தது. வேதாரணியத்திலையிருந்து, மீனவர் சங்கத்து ஆள் ஒருத்தர். அவன்ரை படம் குடுத்துத் தேடச் சொல்லி வைச்சிருந்தனான். மார்கழியிலை ஒரு உடம்பு கரையொதுங்கினதாம். ஆரெண்டு தெரியாமல் அங்கையே மண்ணிலை தாட்டிட்டினமாம். அப்ப பொலிஸ் எடுத்த படங்களை எனக்கு அனுப்பினவர். நெல்லியடி கழியத்தான் திறந்து பாத்தனான். முகத்திலை ஒண்டும் விளங்கேல்லை. கால் விளங்கிச்சு. வலதுகால் சின்னவிரல் பக்கத்து விரலுக்கு மேலை ஏறி நிக்கும் அவனுக்கு. பந்தடிச்சவனுக்கு மற்றவன்ரை காலைத் தெரியாமல் போகுமே அண்ணை.

பாத்திட்டுப் போனைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சன். பக்கத்து சீற்றிலை இருந்த ஒரு மனுசி யன்னல் திறபடேல்லை எண்டா, திறந்து விட்டன். இஞ்சை வந்து இறங்கினன். அழுகை வருமெண்டு பாத்தால் வரேல்லை. வடை திண்டன் எண்டு சொன்னனான் எல்லோ, அதுவும் ருசியாத்தான் இருந்தது. எனக்கே என்னிலை வெறுப்பாக் கிடக்கு.

அமரர் எண்டே வெட்டுங்கோ. வீட்டை ஒருத்தருக்கும் தெரியாது. போய் மதுராவுக்கு நான்தான் சொல்லோணும். வாயாலை வருமோ வராதோ எண்டு தெரியேல்லை, அதுதான் உங்களிட்டை ஒருக்காச் சொல்லிப் பாத்தனான்.

வருகுது.