சூர்வீர் ராவத் கை குலுக்கும் இடம்

மேடையில் வீற்றிருக்கும் பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, மலைவழிகாட்டிகள் சங்கத்துச் சகோதரர்களே, கோவேறு கழுதைகளை வாசலில் கட்டிவிட்டு வந்திருக்கும் என் தொழில்காரர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ராவத்ஜியின் மகள் பீனா, சாங்க்ரி ஊர்ப் பெருமக்களே, உங்கள் எல்லாருக்கும் இந்தக் கிர்வீர் சிங்கின் வணக்கம்.

நம் சங்கத்தை நிறுவியவர், கேதார்காந்தா மலைக்குப் புதியவர்களை அழைத்துப் போவதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர், மூத்த வழிகாட்டி சூர்வீர் சிங் ராவத் அவர்கள் மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். புகழ்ந்து பேசு என்று என்னை மேடையேற்றிவிட்டீர்கள். அவர் இருந்தால், "சீக்கிரம் முடிடா கிர்வீர், டீ ஆறுது" என்று கீழிருந்து குரல் கொடுத்திருப்பார்.

அவர் யாரை மலையேற்றினார்? கயிறும் பனிக்கோடரியுமாக வருகிற சூரர்களையா? இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற வங்கிக் குமாஸ்தாவை, தையற்காரரை, ஓய்வுபெற்ற ஆசிரியையை! பன்னிரண்டாயிரம் அடிக்கு மேலே கூட்டிப்போய், வந்தபடியே திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தார்.

பயணத் திட்டத்தை அவர் எப்படிப் போடுவார் என்று உங்களுக்குத் தெரியும். டீக்கடை மேசையில் ஒரு பிடி ராஜ்மா பயற்றைக் கொட்டுவார். முதல் விதையை எங்கே வைப்பார்? உச்சியிலா? கிடையாது. எல்லாரும் திரும்பி வந்து டீ குடிக்கும் இடத்தில் வைப்பார். அங்கிருந்து பின்னோக்கி ஒவ்வோர் இரவுக்கும் ஒரு விதை. ஜூடா ஏரிக்கரையில் மட்டும் இரண்டு. ஒன்று நடந்த களைப்புக்கு, இன்னொன்று அந்த மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகுவதற்கு.

நடக்கும்போதும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லாரையும்விட மெதுவாக நடப்பவர்தான் வரிசையில் முதலில் போகவேண்டும். ஒருமுறை மீரட்டிலிருந்து ஒரு கனத்த தையற்காரர் வந்தார். அவரை முன்னால் விட்டதும் டெல்லிப் பையன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை.

"இவரு பின்னாடி போனா, நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள பனியெல்லாம் உருகிடும்."

"உருகட்டும் தம்பி. உனக்கும் வழுக்காது" என்றார் ராவத்ஜி. தையற்காரர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே உச்சிக்கும் போனார்.

உச்சியில் ராவத்ஜி எல்லாருக்கும் வெல்லக்கட்டி கொடுப்பார். கை மட்டும் கொடுக்கமாட்டார். ஆனந்தத்தில் அவர்கள் கையை நீட்டுவார்கள். இவர் தன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வார். "கீழ வாங்க, தர்றேன்" என்பார். என்ன மனிதர் இவர் என்று எத்தனையோ பேர் முகம் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு முறை உச்சி கண்ணெதிரே தெரிகிறது. ஆசிரியை ஒருவருக்குத் தலைவலி, பேச்சு குழறுகிறது. ராவத்ஜி எல்லாரையும் திருப்பிவிட்டார். வங்கிக்காரர் கொதித்துப்போய், "இவ்வளவு தூரம் வந்தாச்சு. இவங்களுக்காக நாங்க ஏன் இறங்கணும்?" என்றார்.

"உச்சியத் தொடறது உங்க ஆசை. இந்தம்மாவ வீட்டுல சேர்க்கறது என் வேலை. ஆசைய அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கலாம் சார், வேலைய வச்சுக்க முடியாது."

கீழே இறங்கியதும் டீக்கடை வாசலில் ஆசிரியை தெளிந்து உட்கார்ந்திருந்தார். ராவத்ஜி ஒவ்வொருவரிடமும் போய்க் கை குலுக்கினார். "உச்சிக்கே போகல, எதுக்குண்ணே கை குடுக்கறீங்க?" என்று கேட்டேன். "எல்லாரும் டீ குடிக்கறாங்களா இல்லையா, பாரு" என்றார்.

பெரியோர்களே, இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? நாளை பீனா, தகப்பனார் இல்லாமல் முதல் குழுவை அழைத்துப் போகவேண்டும். நேற்று அதே மேசையில் அவள் விதைகளை வைத்தாள். குழுவை அனுப்பும் நிறுவனத்தின் மேலாளர் வந்து ஏரிக்கரையின் இரண்டாம் விதையை விரலால் தள்ளிவிட்டார்.

"இப்பல்லாம் சீக்கிரம் முடிக்கறதத்தான் கேக்கறாங்க. இந்த ராத்திரி வேண்டாம்மா."

பீனா விதையை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"அப்பாவுக்காகப் பிடிவாதமா?"

"அப்பாவுக்காக இல்ல சார். சமவெளியிலேர்ந்து நேரா பனிக்கு வர்றவங்களுக்காக."

"அப்ப நான் வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று போய்விட்டார். அவர் இதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். இரங்கலுக்கு வந்தவரை நான் அவமதிக்கமாட்டேன். உங்களைத்தான் கேட்கிறேன், இளைஞர்களே. அந்த 'வேற ஆள்' யார்? நம்மில் ஒருவர்தானே? இந்தக் குளிர்காலம் முழுவதும் பீனாவின் பிழைப்பு, அவருக்கு நீங்கள் சொல்லப்போகும் பதிலில் இருக்கிறது.

ஆற்றங்கரைக்கு அவரைத் தூக்கிப் போன நாளை நினைத்துப் பாருங்கள். பாடையைச் சுமந்த நீங்கள் வேகமாக நடந்தீர்கள். என் முழங்கால் உங்களுக்குத் தெரியும், நான் பின்தங்கிவிட்டேன். பெண்கள் வராத வழியில் வந்த பீனா பாடையை நிறுத்தினாள். "சித்தப்பா முன்னாடி போகட்டும்" என்றாள். நான் நொண்டி நொண்டி முன்னால் நடந்தேன். ஊரே என் பின்னால் மெதுவாக வந்தது. அன்று நான் அழுதது துக்கத்தால் மட்டும் இல்லை.

ஆகவே நான் சொல்கிறேன்: ஏரிக்கரையில் இரண்டாம் இரவு தங்காத எந்தக் குழுவுக்கும் என் கோவேறு கழுதைகள் ஒரு மூட்டைகூடச் சுமக்காது. என்ன, எழுந்து நிற்கிறாயா தம்பி? நீயுமா? அந்த 'வேற ஆளா'கப் போகமாட்டீர்களா? சரி, சரி. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது, உட்காருங்கள்.

மேலாளர் ஐயா ஏதோ சொல்கிறார். சற்று அமைதி. "பீனாவே போகட்டும், அந்த ராத்திரியும் இருக்கட்டும்" என்கிறார். நன்றி ஐயா.

ஆற்றங்கரையில், விறகு அடுக்குவதற்கு முன், அண்ணனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினேன். கூட்டிப்போன ஒருவரையும் மலையில் விட்டுவிடாமல் இறங்கி வந்தவர் அவர். அந்தக் கைக்கு அது உரியது.

பீனா, எல்லாரும் உனக்குக் கை கொடுக்க வருகிறார்கள். நான் இப்போது கொடுக்கமாட்டேன். போய் வா அம்மா. டீக்கடை வாசலில் நிற்கிறேன்.