இணைச்சீரில் நின்றுபோன கம்ப்யூட்டர்

தமிழரசு: ...அதானுங்க சொல்றேன். உங்க கம்ப்யூட்டர்ல போர்டு நல்லாத்தான் இருக்குது. பிராசசரை மட்டும் மாத்துனாப் போதும்.

அக்சிலியா: பக்கத்துக் கடையில எல்லாத்தையும் மாத்தணும்னு...

தமிழரசு: அவரு கடைக்கு வந்த ஆளையே மாத்தச் சொல்லுவாருங்க. பட்ஜெட் எவ்வளவுங்க?

அக்சிலியா: பத்தாயிரம்ணா. கல்யாண வீடியோ வேலை. கேமரா எங்க அண்ணன், எடிட்டிங் நான். சூரமங்கலத்துல வீட்டுலயே பண்றேன்.

தமிழரசு: ஓஹோ... எந்த எடத்துல நிக்குது?

அக்சிலியா: இணைச்சீர்ல. அதாண்ணா, மாப்பிள்ளைக்கு அக்கா செய்யுற சடங்கு.

தமிழரசு: இணைச்சீர்லயா!

அக்சிலியா: ஆமாண்ணா. மாப்பிள்ளையோட அக்கா கூடையோட நிக்குறாங்க. மாப்பிள்ளை கண்ணு பாதி மூடி, வாய் பொளந்து... அதோட சரி, கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது.

தமிழரசு: வாயெல்லாம் பொளந்திருக்காதுங்க.

அக்சிலியா: நீங்க பாத்தீங்களா?

தமிழரசு: இல்லீங்க... பொதுவாச் சொன்னேன்.

அக்சிலியா: மங்கல வாழ்த்துப் பாட்டுல ஜெனரேட்டர் சத்தம் வேற. அதையும் எடுக்கணும்.

தமிழரசு: சத்தத்துக்கு மெமரி சேத்தாப் போதும். வீடியோவுக்குத்தான் பிராசசர்ல கோர் அதிகமா வேணும். நாலு கோர் ஆறாயிரம், ஆறு கோர் ஒம்பதாயிரத்து ஐநூறு. ஆறையே எடுத்துக்கங்க.

அக்சிலியா: நாலு போதும்ணா.

தமிழரசு: போதாதுங்க!

அக்சிலியா: ஏண்ணா கத்துறீங்க?

தமிழரசு: கத்தலீங்க அம்மணி... அந்த மாப்பிள்ளை பாவமில்லீங்களா?

அக்சிலியா: தங்கமான மனுசன். வாரா வாரம் போன் பண்ணுவாரு. "எக்ஸ்போர்ட் ஓடுதுங்க"ன்னு, வீடியோ முடிஞ்சு வெளிய வர்ற மாதிரியே சொல்லிடுவேன்.

தமிழரசு: எத்தனை மாசமா ஓடுது?

அக்சிலியா: பத்து...

தமிழரசு: ஞாயித்துக்கெழமை அந்தக் கல்யாணப் பொண்ணுக்கு வளைகாப்புன்னு... சும்மா வெச்சுக்கங்க. சொந்தமெல்லாம் கல்யாண வீடியோ எங்கன்னு கேட்டா, அவன் மூஞ்சிய எங்க வெச்சுக்குவான்?

அக்சிலியா: சும்மா வெச்சுக்கிட்டா... ஆறு கோர் போட்டா அதுக்குள்ள முடியுமா?

தமிழரசு: வெள்ளிக்கெழமையே முடியுமுங்க!

அக்சிலியா: மாட்டித் தர்றதுக்குக் கூலி?

தமிழரசு: வேண்டாமுங்க. மெமரியும் சும்மா தாரேன். இப்பவே உங்க ஊட்டுக்கு வந்து மாட்டித் தாரேன்.

அக்சிலியா: இவ்வளவு எறங்கி வர்றீங்களே அண்ணா?

தமிழரசு: இனி மறைச்சு என்னங்க... வாசப்படி ஏறி நீங்க வாயைத் தொறந்தப்பவே "எக்ஸ்போர்ட் ஓடுதுங்க" கொரலுன்னு கண்டுபிடிச்சுட்டேன். அந்த மாப்பிள்ளை நான் தானுங்க அம்மணி!

அக்சிலியா: தெரியும்ணா. பத்து மாசமா என் திரையில நிக்குற மூஞ்சி எனக்குத் தெரியாதா? இந்த ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவுல அத்தனை கடை இருக்க, வேற எதுக்கு உங்க கடையைத் தேடி வந்தேன்?