நாலில் நின்ற முள்

எது கோணலாக இருந்தாலும் எனக்குக் கை பரபரக்கும், ஐயா. உங்கள் சுவரில் இருக்கிற காலண்டர்கூடக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நீங்கள் எழுதி முடித்ததும் நேராக்கித் தருகிறேன்.

ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரும் ஆக்சிஜன் குழாய்களும் என் பொறுப்பு. மூச்சுவிட முடியாதவருக்கு அந்த இயந்திரம்தான் மூச்சு. பார் என்கிற அழுத்தக் கணக்கில் மூன்றுக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல் அதற்கு ஆக்சிஜன் வரவேண்டும். நான் நாலில் வைத்திருப்பேன்.

மூலைக் கட்டிலுக்குப் போகிற குழாயில் ஒரு இணைப்பு கசிந்து, அழுத்தம் இரண்டுக்கு இறங்கிவிட்டது. அது நான் போட்ட இணைப்பு. பிரித்தால் எல்லோருக்கும் தெரியும்; முக்கியமாக என் மாமனார் காதுக்குப் போகும். "மாப்பிள்ளை கைவெச்சா எதுவும் விளங்காது" என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருபவர். நான் மாட்டிய மின்விசிறிக்குக் கீழே உட்காரவே மாட்டார். ஆகவே சுவரிலிருந்த பிரஷர் மீட்டரின் கண்ணாடியைக் கழற்றி, முள்ளை நாலில் நிறுத்தி, ஒரு சொட்டுப் பசை வைத்தேன். கட்டில் காலியாகத்தானே இருந்தது.

போன வாரம் அந்தக் கட்டிலுக்கு வந்தவர் அவரேதான். நுரையீரலில் சளி, வாயில் குழாய். இருபது வருஷத்தில் முதல்முறையாக அவரால் என்னைத் திட்ட முடியவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அன்று மத்தியானமே இயந்திரம் கத்தியது. நர்ஸ் ஓடிவந்தார்.

"ஆக்சிஜன் வரலையா அண்ணா?"

"முள்ளைப் பாருங்க சிஸ்டர், நாலுல நிக்குது. மிஷின்தான் கோளாறு."

வேறு இயந்திரம் மாட்டினோம். அதுவும் கத்தியது.

"ரெண்டுமா கெட்டுப்போகும்?"

"ரெண்டும் ஒரே கம்பெனிதானே."

டாக்டரைக் கூட்டிவர அவர் கீழ்த்தளத்துக்கு ஓடினார்.

கட்டிலுக்குப் பக்கத்திலேயே நிறைந்த சிலிண்டர் நின்றது. மாற்றிவிட அரை நிமிஷம் போதும். ஆனால் மாற்றியதும் கத்தல் நிற்கும்; கோளாறு குழாயில்தான் என்று தெரிந்துவிடும்; கசிவு யார் கைவேலை என்று கேட்பார்கள். நான் அலாரத்தின் கம்பியைக் கழற்றினேன். சிவப்பு விளக்கு மட்டும் கண்ணை உறுத்தியது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். ஆஸ்பத்திரியில் பிளாஸ்திரிக்கா பஞ்சம்?

"பயப்படாதீங்க மாமா, எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அவர் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார், சிலிண்டரைப் பார்த்தார், பிறகு முள்ளைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: கடைசியாக அவர் பார்த்தது என் கைவேலையை. ஒரு குறைகூடச் சொல்லவில்லை.