தறி நின்ற நேரத்தில் உட்கார்ந்தவன்

தலைமை ஏற்றுத் தளராமல் வீற்றிருக்கும் விசைத்தறித் தொழிலாளர் மன்றத் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அலுப்பை மறைத்துக்கொண்டு வந்திருக்கும் அன்னையரே! கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த யாகூப் பாய் அவர்களே! ஷிப்டு முடிந்த களைப்போடு நிற்கும் என் சக தறிக்காரர்களே! அனைவருக்கும் வணக்கம்!

நாளை முதல் இந்த மன்றத்தில் தினமும் காலையில் சிறிது நேரம் தியானம். கண்ணை மூடு. மூச்சைக் கவனி. மனம் ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வா. பாடம் அவ்வளவுதான்.

யார் அங்கே சிரிப்பது? என்ன? "தறிக்காரனுக்குத் தியானம் எதுக்கு வே?" என்றா? எதுக்கா? சொல்லுதேன், இரும்!

பேச்சிராஜாவை உங்களுக்குத் தெரியும். எனக்குப் பக்கத்துத் தறி. வேலையில் கெட்டிக்காரன், கோபத்தில் கொடுங்காற்று. அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே மகள் கோமதித்தாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிவாள். தகப்பன் வரும்போது தாவி வர வேண்டிய பிள்ளை தவழ்ந்து ஒளிந்தால், அது வீடா? ஒருநாள் கையும் நீட்டிவிட்டான். மனைவி சங்கரேஸ்வரி மகளைக் கூட்டிக்கொண்டு குருவிகுளத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். இதை மேடையில் சொல்லலாமா? அவளே சொல்லச் சொன்னாள், அவனும் தலையாட்டினான்.

தனித்துப்போனவன் கோபத்தை அடக்கத் தியானம் செய்ய உட்கார்ந்தான். விடியற்காலை, வெறும் வீடு, பேரமைதி. என்ன ஆயிற்று? துள்ளி எழுந்தான்! ஏன்? தறிக்காரனுக்குச் சத்தம்தான் சமாதானம். தறி நின்றால் இழை அறுந்தது, இல்லையென்றால் கரண்ட் போனது. அமைதி வந்தாலே அலறியடித்துத் தறிக்கு ஓடும் ஆட்கள் நாம். "சத்தம் இல்லன்னா கோவம் கூடத்தாம்லே செய்யுது" என்று என்னிடமே கத்தினான். ஆனாலும் விட்டானா? ஷிப்டுக்கு முன்னால் தறிக்கூடத்துச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே ஓடும் தறியைக் கேட்டபடியே மூச்சைக் கவனித்தான். "சாமியார் வாராரு" என்று நாங்கள் கேலி செய்தோம். தினமும் உட்கார்ந்தான்.

போன வெள்ளிக்கிழமை சங்கரேஸ்வரி மகளோடு தறிக்கூட வாசலில் வந்து நின்றாள். அவள் வாய் திறந்த நேரம் பார்த்தா கரண்ட் போக வேண்டும்? அத்தனை தறியும் நின்றது. அவள் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"இவள அங்கனயே பள்ளிக்கூடத்துல சேக்கப் போறேன். இனி வரமாட்டோம்."

மூச்சு விட்டோமா நாங்கள்? இல்லை! அவன் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை எழுந்தது. பிள்ளை தாயின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினாள். அவனைப் பிடிக்க நான் பாய்ந்தேன். அதற்குள், என் மக்களே, அந்தக் கை இறங்கியது! நின்ற இடத்திலேயே, பஞ்சுத் தூசியிலேயே, சப்பணமிட்டு உட்கார்ந்தான். எந்த அமைதி அவனை ஆட்டி வைத்ததோ, அந்த அமைதியிலேயே கண்ணை மூடினான்.

கரண்ட் வந்தது. ஒருவரும் தறியைப் போடவில்லை. அவன் கண்ணைத் திறந்தான்.

"ஏட்டி, கூட்டிட்டுப் போ. பிள்ள எங்கன பயப்படாம இருக்குமோ, அங்கனயே படிக்கட்டும்."

அவள் கேட்டாள்: "இன்னைக்கு உக்காந்துட்டிய. நாளைக்கும் உக்காருவீயளா?"

"உக்காருவேன்."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என்ன, கைதட்டுகிறீர்களா? தட்டாதீர்கள்! அவள் இன்னும் வீடு திரும்பவில்லை. ஒருநாள் அடங்கிய கோபத்துக்கு மாலை போடவா மேடை போட்டோம்? கோபம் கூப்பிடாமல் வருகிறது, கூசாமல் வருகிறது, தினமும் வருகிறது! தினமும் வருவதைத் தடுக்க நாம் தினமும் உட்கார வேண்டாமா?

நாளைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? இப்போதே தொடங்குவோம். இவ்வளவு நேரம் செவி கொடுத்த சபைக்கு என் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும். ஆண்களே, நிற்பவர்களும் உட்கார்ந்து கைகளை மடியில் வையுங்கள். கண்களை மூடுங்கள்.

குருவிகுளத்திலிருந்து வந்து கடைசி வரிசையில் மகளோடு இருக்கும் சங்கரேஸ்வரி, நீ மூட வேண்டாம் தாயி. நீ எங்களைப் பார்த்துக்கொண்டே இரு.