தட்டை அடியே நல்லது என்றேன்

படகு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மேல்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள், ஐயா. வண்ணம் பளபளப்பாக இருக்கிறதா, உட்காரும் பலகைக்கு மெத்தை உண்டா, பக்கவாட்டில் பேர் எழுத இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். தண்ணீரில் போகிற சாமானுக்கு அடிப்பாகம்தான் முக்கியம். அதைக் குனிந்து பார்க்க வேண்டும். பெரிய மனிதர்கள் குனிவதில்லை.

வெளியே பெஞ்சில் கௌஸ் பாஷாவை உட்காரவைத்திருக்கிறீர்கள். அவர் மட்டமான பலகையில் படகு கட்டினார், அதனால்தான் அடி பிளந்து ரைஸ் மில் தாண்டவராயன் செத்தார் என்று எழுதப் போவதாக ஏட்டய்யா சொன்னார். அது அநியாயம். பலகை நல்ல தேக்கு. பாஷா பாய் கட்டியதில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் நானாக ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. என்னை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை, அது வேறு விஷயம்.

தாண்டவராயன் எனக்கு மாமா. என் அக்கா மங்கையைக் கட்டியவர். கல்யாணமாகி அக்கா செஞ்சிக்கு வந்தபோது துணைக்கு வந்தேன், அப்படியே மில்லில் தங்கிவிட்டேன். நெல் அவிப்பது, காயவைப்பது, பாய்லருக்கு விறகு சேர்ப்பது எல்லாம் என் பொறுப்பு. சாப்பாடு அக்கா வீட்டில். அந்தச் சாப்பாட்டை ஊரில் எத்தனை பேர் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மாமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரியமானாலும் நாலு பேர் முன்னால் என்னைத்தான் முதலில் கேட்பார். "இன்னாடா விநாயகம், நீ இன்னா சொல்ற?" நான் ஒன்று சொல்வேன். அவர் சிரித்துவிட்டு அதற்கு நேர் எதிராகச் செய்வார். ஆரம்பத்தில் வேடிக்கைக்குத்தான் செய்தார். பிறகு ஒரு முறை கிணறு வெட்ட வடக்கு மூலையைச் சொன்னேன். அவர் தெற்கு மூலையில் வெட்டினார், தண்ணீர் வந்துவிட்டது. செஞ்சியில் எங்கே தோண்டினாலும் பாறைதான் வரும். தண்ணீர் வந்தால் அது தெய்வ வாக்கு. அன்று முதல் என் வாய் அவருக்கு ஒரு கருவியாகிவிட்டது. மில்லுக்கு வருகிற வியாபாரிகளிடம், "என் மச்சான் வேணாம்னு சொல்ற நெல்லைக் கண்ண மூடிக்கினு வாங்கலாம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு வலிக்கும், ஆனாலும் சிரிப்பேன். இல்லாவிட்டால் ரோஷக்காரன் என்று பேர் வந்துவிடும், அக்கா வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு அது கட்டுப்படியாகாது.

அக்கா ஒருத்திதான் என் பேச்சைக் கேட்பாள். குழம்பில் உப்பு போதாது என்று நான் சொன்னால், வாயில் விட்டுப் பார்க்காமலே உப்பை எடுத்துப் போடுவாள்.

படகு வந்த கதையைச் சொல்கிறேன். பாண்டிச்சேரியை விட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரர் தன் படகு மோட்டாரை விற்றுவிட்டுப் போனார். மாமா அதை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். நம் ஊரில் கடல் இல்லை. ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது. மூன்று மலையும் அவற்றின் மேல் கோட்டையும் இருக்கின்றன, அங்கே மோட்டார் படகு ஏறாது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமாவே சொன்னார்: "யானை கட்டின ஊருடா இது. நான் படகு வுட்டா இன்னா?"

உண்மைக் காரணம் அவலூர்பேட்டையில் இருந்தது. அங்கே மண்டி வைத்திருக்கும் சுந்தரமூர்த்திக்கு ராஜாம்பாள் என்று ஒரு மகள். அக்காவுக்குக் குழந்தை இல்லை. ராஜாம்பாளை இரண்டாவதாகக் கட்டிக்கொள்ள மாமா ஆசைப்பட்டார். சட்டம் கூடாது என்கிறது. சட்டத்துக்குத் திண்டிவனத்தில் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது, செஞ்சி வரைக்கும் வந்து சேரவில்லை. மண்டிக்காரரிடம் லாரி உண்டு, கார் உண்டு. படகு இல்லை. அவர் கண்ணில் படுகிற மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் படகுதான்.

ராஜாம்பாள் வந்தால் அக்கா அடுப்படிக்கு, நான் தெருவுக்கு. இது என் கற்பனை இல்லை. மாமாவே ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். இதற்கு ஏதாவது செய்யத்தான் வேண்டும் என்று அன்று நினைத்தேன். அக்காவுக்காக.

கௌஸ் பாஷா நம் ஊர்க்காரர்தான். கடலூர் துறைமுகத்தில் கொட்டகை போட்டுப் படகு கட்டுகிறார். மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கருவி இல்லாமல் எப்படிப் போவது? கொட்டகையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள்.

"மூணு மாதிரி அடி இருக்குது முதலாளி" என்றார் பாய். "தட்ட அடி, உருண்ட அடி, கூர் அடி. தட்டன்னா ஒரு மொழம் தண்ணியில கூட மெதக்கும். ஏரி கொளத்துக்கு அதான் தோது. அலை இருந்தா தட்டுதட்டுனு அடிக்கும், இடுப்பு நோவும், அவ்ளோதான். உருண்ட அடி சொகுசா போவும், ஆனா வேகம் எடுக்காது, கொஞ்சம் உருளும். கூர் அடி கடலுக்குன்னு கட்டறது. அலைய அறுத்துக்கினு போவும், சாஞ்சு திரும்பும், பாக்க ஜோரா இருக்கும். ஆனா வயிறு கீழ எறங்கி இருக்கும். ஆழம் வேணும்."

மாமா என் பக்கம் திரும்பினார். கொட்டகை ஆட்கள் உளியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னாடா விநாயகம், நீ இன்னா சொல்ற?"

நான் அவசரப்படவில்லை. மூன்றையும் குனிந்து பார்த்தேன், கையால் தடவிப் பார்த்தேன். பிறகு உண்மையைச் சொன்னேன். "தட்ட அடியே நல்லது மாமா. நம்ம ஏரியில வெட்டின மரத்தோட அடிக்கட்டைங்க நிக்குது. தட்டன்னா அதுங்க மேலயே போயிடும். மோட்டாரு கால் இடிச்சாலும் மடங்கி மேல வந்துடும். படகு வயிறு மடங்காது."

"அவரு சொல்றது சரிதான் முதலாளி" என்றார் பாய்.

"அப்பிடியா? அப்ப கூர் அடியே கட்டு" என்றார் மாமா. கொட்டகையே சிரித்தது. பாயை உள்ளே கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள், மறுக்கமாட்டார்.

அந்தக் கட்டைகள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். போன சித்திரையில் ஏரி காய்ந்து கிடந்தபோது பஞ்சாயத்தில் ஏரிக்குள் வளர்ந்திருந்த கருவேல மரங்களை ஏலம் விட்டார்கள். பாய்லர் விறகுக்காக மாமா எடுத்தார். வெட்ட முருகையன் என்பவர் தலைமையில் வல்லத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நான் அவர்களிடம் தரையோடு வெட்டச் சொன்னேன். முருகையன் மில்லுக்கு வந்து முதலாளியைக் கேட்டார். "அவன் குனியச் சொல்றானா? நீங்க இடுப்பளவு வுட்டு வெட்டுங்கடா" என்றார் மாமா, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தபடி. குனியாமல் வெட்டுவதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? வெட்டினார்கள், கூலி வாங்கினார்கள், வல்லத்துக்குப் போய்விட்டார்கள். மாமா அந்தப் பக்கமே வரவில்லை. கடைசி மரம் வரைக்கும் வெயிலில் நின்றவன் நான். எந்தக் கட்டை எங்கே நிற்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்போது படகு நினைப்பு யாருக்கும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. கார்த்திகையில் படகு வந்தது. நாள் பார்க்கும் பேச்சு வந்ததும் என்னைக் கேட்டார். "இப்பவே வுட்டுடலாம் மாமா. தண்ணி நெறைய இருக்குது, கட்டையெல்லாம் ஆழத்துல கெடக்குது" என்றேன். இதுவும் உண்மை. "தை பொறக்கட்டும்" என்றார்.

தை பிறந்தது. மதகு திறந்து நெல்லுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, ஏரி நாளுக்கு நாள் இறங்கியது. விடியற்காலையில் சொம்போடு ஏரிக்குப் போகிற ஊர் இது. மற்றவர்கள் மறைவிடம் தேடினார்கள், நான் தண்ணீரைப் பார்த்தேன். கட்டைகளின் தலை தண்ணீருக்குள் கொஞ்சம்போல மறைந்து நிற்கிற நிலை வந்தது. இன்னும் இறங்கினால் எல்லோர் கண்ணிலும் பட்டுவிடும். அன்று மில்லில், நெல் கொண்டுவந்தவர்கள் இருக்கும்போது சொன்னேன்: "தண்ணி எறங்கிடுச்சு மாமா. இந்த வருசம் வேணாம். அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்." மறுநாளே அவலூர்பேட்டைக்கு ஆள் போனது.

ஏரிக்கரையில் பந்தல் போட்டார்கள். சுந்தரமூர்த்தி குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். வந்தவர்களுக்கெல்லாம் அக்காதான் சமைத்தாள், ராஜாம்பாளுக்கும் சேர்த்து. புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். படகுக்குச் சக்கரம் இல்லை. பூசாரி இரண்டு பக்கமும் தேடிவிட்டுக் கடைசியில் கூர் அடிக்குக் கீழே வைத்தார், தள்ளியபோது நசுங்கியது. எல்லோருக்கும் திருப்தி.

அப்போதுதான் பூசாரி, "மொதல் சவாரி, கட்டின பொண்டாட்டி பக்கத்துல ஒக்காரணும்" என்றார். நம் பக்கத்தில் புது பஸ் வாங்கினால்கூட அப்படித்தான். குங்குமம் வைத்த பெண்சாதி முதலில் உட்கார்ந்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. சுந்தரமூர்த்தியும் தலையாட்டினார். மாமா அக்காவைக் கையசைத்துக் கூப்பிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்தவன் பூசாரியை யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா என்னிடம் வந்தாள். "பயமா இருக்குதுடா. ஒண்ணும் ஆவாதில்ல?"

நிதானமாக யோசித்துத்தான் பார்த்தேன். அவள் ஏறமாட்டேன் என்றால் அத்தனை பேர் முன்னால் மாமாவுக்கு அவமானம். சவாரி நின்றுவிடும். தண்ணீர் வற்றிவிடும், ராஜாம்பாள் வந்துவிடுவாள். கடைசியில் கஷ்டப்படப் போவது யார்? அக்காதான். அந்த நிமிஷத்திலும் அவள் நல்லதைத்தான் நினைத்தேன்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. ஏறு" என்றேன்.

இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். உடனே ஏறிக்கொண்டாள். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

மாமா மோட்டாரில் கையை வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தார். "இன்னாடா விநாயகம், நேரா எதிர்க்கரைக்குப் போலாமா, இந்தக் கரையோரமாவே சுத்தலாமா?" கூட்டம் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. மரம் வெட்டிய இடம் எதிர்க்கரைப் பக்கம். 'நேரா போங்க' என்று நான் சொல்லியிருந்தால் கரையோரமாகச் சுற்றிவிட்டு வந்து இறங்கியிருப்பார்கள், இரண்டு பேரும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

"கரையோரமாவே போங்க மாமா" என்றேன்.

படகு நன்றாகத்தான் போனது. பாய் சொன்ன மாதிரியே தண்ணீரை அறுத்துக்கொண்டு போனது, பார்க்க ஜோராக இருந்தது. பிறகு ஒரு சத்தம். மாமாவுக்கு நீச்சல் தெரியும், ஆனால் தலை கட்டையில் மோதிவிட்டது. அக்காவுக்கு நீச்சல் தெரியாது. அவள் புடவை கட்டையில் சிக்கியிருந்தது, எடுக்க நேரமாயிற்று.

இருவரையும் கரையில் கிடத்தியிருந்தபோது சுந்தரமூர்த்திதான் முதலில் சொன்னார்: "மச்சான் சொன்னதக் கேட்டிருக்கலாம்." பிறகு பூசாரி சொன்னார். சுடுகாட்டில் சொன்னார்கள், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னார்கள். விநாயகம் சொன்னதுதான் சரி என்று செஞ்சி முழுக்கப் பேச்சு. இப்போது நீங்கள் பாயைப் பிடித்து உட்காரவைத்ததும் பேச்சு மாறிவிட்டது. பலகை சொத்தையாம், எந்த அடியாக இருந்தாலும் பிளந்திருக்குமாம். நீங்களும் அப்படியே எழுதிவிட்டால் நான் சொன்னதற்கு என்ன அர்த்தம்? பலகை நல்ல பலகை, ஐயா. அடிதான் தப்பு. அதை நான் முன்கூட்டியே சொன்னேன், அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தேதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். இரண்டு பேரையும் கொன்றது நான்தான், தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வருத்தம்தான் எனக்கு. ஊரே என் பேச்சு சரி என்று சொன்னபோது அதைக் கேட்க அக்கா இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்.