ஒரு மணி நேரம் தள்ளி

பள்ளியில் டைம்டேபிள் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், ஒரே ஒரு பீரியடை நகர்த்துவது எவ்வளவு பெரிய பாடு என்று. ஒன்பதாம் வகுப்புக் கணக்கை வியாழனுக்கு மாற்றினால் பி.டி. சார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அவரைச் சமாதானப்படுத்தினால் தமிழம்மாவுக்குக் கோபம் வரும். இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு. அதனால் போன வருடம் ஆசிரியர் பயிற்சியில் அந்த ஏஐ உதவியாளரைக் காட்டியபோது எனக்கு உடனே பிடித்துப்போய்விட்டது. தமிழிலேயே சொல்லலாம். "செவ்வாய்க்கிழமை பேரன்ட்ஸ் மீட்டிங்கைப் புதனுக்கு மாற்று" என்றால், காலண்டரில் மாற்றிவிட்டு, வர வேண்டியவர்களுக்கெல்லாம் மெயிலும் அனுப்பிவிடும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாது. "மாற்றட்டுமா?" என்று ஒரு தடவை கேட்கும், அவ்வளவுதான்.

வீட்டு வேலைகளையும் அதனிடமே விட்டேன். அப்பாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை எப்போது, பெரம்பலூர் டாக்டரிடம் எப்போது போக வேண்டும், உடற்பயிற்சி கொடுக்க மணிவேல் எந்த நாட்களில் வருவார், எல்லாம் காலண்டரில் இருந்தன.

அப்பா பெயர் மிக்கேல். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். விருத்தாசலம் வண்டி மூன்று நிமிடம் தாமதமாக வந்தாலும் டிரைவரை நிற்கவைத்துக் கேட்பார். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பகலில் வேலைக்கு வரும் குஞ்சம்மாள் பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் நான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

தங்கை விண்ணரசி அயர்லாந்தில் நர்ஸ். ஞாயிறுதோறும் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் வருவாள். அப்பா ஐந்து மணிக்கே ஷேவ் செய்துவிடச் சொல்வார். வெள்ளைச் சட்டை போட வேண்டும், வலது கையில் வாட்ச் கட்ட வேண்டும். இருபது நிமிடம் பேசுவார்கள். அந்த வாரம் முழுக்க என்னிடம் "டெய்சி, தண்ணி", "டெய்சி, ஃபேன்" என்று மட்டும் சொன்னவர், அவளிடம் சிரித்துச் சிரித்துப் பேசுவார்.

ஒரு ஞாயிறு அவளிடம் சொன்னார்: "ஒம் மொகத்த பாத்தாதான் பாப்பா எனக்குச் சோறு எறங்குது."

அந்தச் சோற்றை வடித்தவளும் ஊட்டியவளும் நான். போனைப் பிடித்துக்கொண்டிருந்ததும் என் கைதான். கோபம் எல்லாம் வரவில்லை. "படம் ஆடுது டெய்சி" என்றார் அப்பா.

அக்டோபர் கடைசியில் அயர்லாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்களாம். விண்ணரசி என் காலண்டருக்கும் வரும்படி தன் ஊர் நேரத்தில் குறித்துவைத்திருந்ததால், அந்த ஞாயிறு அவள் அழைப்பு எட்டு மணிக்கு வந்தது. மாத்திரை போட்டால் அப்பா ஏழரைக்கு மேல் தாங்க மாட்டார். சட்டையோடு நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார்.

"ஐயோ, என் தப்புதான்க்கா. நா சரிபண்ணிடறேன்" என்றாள்.

"நீ விடு, நா பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். உதவியாளரிடம், எட்டு மணியாகவே இருக்கட்டும் என்றேன். "முன்பு ஏழு மணி என்று இருந்தது. எட்டாகவே வைக்கட்டுமா?" என்று கேட்டது. வை என்றேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் ஏழு மணிக்குத் தயாராக இருந்தார். அவள் எட்டு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டாள். இருவரும் நேரம் தவறவேயில்லை.

"பாப்பா மறந்துட்டாளா?" என்பார் அப்பா.

"வேலையா இருக்கும்ப்பா" என்பேன். அவளுக்கும் வேலை இருக்கத்தானே செய்தது.

"அப்பா என்னக்கா செய்றாங்க?" என்பாள் அவள்.

"தூங்குறாங்க." போனைத் திருப்பிக் காட்டுவேன். தூங்கத்தான் செய்தார். எழுப்பச் சொல்ல அவளுக்கு மனசு வராது. நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை அவளே ஆறு மணிக்கு மாற்றினாள். உதவியாளர் எனக்குத் தெரிவித்தது. அந்த நேரத்தில் மணிவேலை வரச் சொல்லி, போனை சைலன்டில் போட்டேன். மறுவாரம் மறுபடியும் எட்டு. அவள் குரலைப் பதிவுசெய்து அனுப்புவாள், "அப்பாகிட்ட போட்டுக் காட்டுக்கா" என்று. அப்பாவிடம் போன் கிடையாது. நானும் போட்டுக் காட்டவில்லை.

ஜனவரியில் பெரம்பலூர் டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "ஹார்ட் ரொம்ப வீக்கா இருக்கு டீச்சர். பத்துப் பதினஞ்சு நாள்தான். வெளிநாட்டுல இருக்கறவங்கள வரச்சொல்லிடுங்க."

பஸ்ஸில் திரும்பும்போதே காலண்டரில் போட்டேன்: விண்ணரசிக்குச் சொல்ல வேண்டும், நாளை காலை ஒன்பது மணி. நான் பொறுப்பில்லாதவள் அல்ல. மறுநாள் ஒன்பது மணிக்கு அது நினைவூட்டியது. அசெம்பிளி நேரம். "நாளைக்குத் தள்ளு" என்றேன். தள்ளியது. அடுத்த நாள் ரிவிஷன் டெஸ்ட். அதற்கடுத்துப் பொங்கல் விடுமுறை, அன்று ஒரு வேலையும் இல்லை. அன்றும் தள்ளினேன். பதினோரு நாள். ஒவ்வொரு நாளும் அது சலிக்காமல் கேட்டது, நான் சலிக்காமல் சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் காலை அப்பா போய்விட்டார். அப்போது மட்டும் உடனே கூப்பிட்டேன். அடக்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு உறவுக்காரர்களுக்கு மெயில் அனுப்ப அவள்தான் என் லேப்டாப்பைத் திறந்தாள். பழைய ஞாயிறுகள் கண்ணில் பட்டிருக்கின்றன. இதையெல்லாம் யார் மாற்றியது என்று உதவியாளரிடம் கேட்டிருக்கிறாள். அது தேதி வாரியாகச் சொல்லிவிட்டது, அந்தப் பதினோரு நாளையும் சேர்த்து. அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்டதைச் செய்வதுதான் அதன் வேலை.

"அப்பா எனக்காவ காத்துக்கிட்டு இருந்தாங்களாக்கா?"

"ஆமா. ஒவ்வொரு ஞாயிறும். சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கவில்லை.

"ஏன்க்கா?" என்றாள்.

குடிக்காத தண்ணீரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். உங்களிடம் சொல்கிறேன். நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். மகள் மறந்துவிட்டாள் என்று நம்பியே அப்பா செத்துப்போனார். அப்படி நம்பவைத்தது நான். ஆனால் அதில் கிடைத்ததையும் பார்க்க வேண்டும். கடைசி வாரம் அவர் ஷேவ் செய்யச் சொல்லவில்லை, மணி கேட்கவில்லை. வியாழக்கிழமை கஞ்சி ஊட்டும்போது வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"நீயாவது இருக்கியேம்மா" என்றார்.

என்னைத்தான் சொன்னார், என்னை மட்டும். விண்ணரசியிடம் இதைச் சொல்லவில்லை. பாவம், அவளுக்குப் பொறாமையாக இருக்கும்.