படுக்க வெச்சுக் காய வை

ஐயோ, பிரஷ்ஷ நிமுத்தி வெக்காதம்மா! வரைஞ்சு பாத்துட்டுக் கழுவினது சரி, ஆனா டம்ளர்ல நிமுத்தி வெச்சா தண்ணி இந்தத் தகரப் பூணுக்குள்ள எறங்கிடும். உள்ள இருக்குற பசை ஊறிப்போச்சுன்னா முடி ஒவ்வொண்ணா கழண்டு வந்துடும். துண்டுல ஒத்தி எடு. வெரலால நுனிய கூராக்கு. ஆங், அப்படித்தான். இப்பப் படுக்க வை.

சிரிக்கிறியா? சிரி சிரி. உங்க சார் வகுப்புல என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா? என் பொண்டாட்டி கழுவியே என் பிரஷ்ஷெல்லாம் பாழாக்கிட்டான்னுதானே? ஊருக்கே தண்டோரா போட்டாரு மனுஷன். அதான் அவரு போயி ரெண்டு மாசமாச்சு, அவரு பிரஷ்ஷெல்லாம் சும்மா குடுக்குறேன்னாலும் நீ ஒருத்திதான் வந்திருக்க.

கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவ சுடுதண்ணில கழுவி நிமுத்தி வெச்சேன், வாஸ்தவம். அன்னிக்கு வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா? அதுக்கப்புறம் இருபத்தாறு வருஷமா, டர்பன்டைன்ல அலசி, பச்சத்தண்ணில சோப்புப் போட்டு, நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் உள்ளங்கையில தேய்ச்சு... கைப்புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி. இப்ப என்னக் கத்துறதுக்கும் ஆளில்ல.

எது, அந்தப் படமா? ஆமா, வானத்துல ரெண்டு மூணு முடி ஒட்டியிருக்கு. நகத்த வெக்காதம்மா, கும்புடுறேன்.

ஆஸ்பத்திரில ஊசி மருந்து ஆரம்பிச்ச சமயம் வரைஞ்சது. முடி கொட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு வீம்புக்குன்னே பொறந்தவரு. ஒரு முடி கொட்டினாலும் அன்னியோட மருந்த நிறுத்திடுவேன், மொட்டையா சாகமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. காலையில அவரு முழிக்கிறதுக்குள்ள நான் தலகாணிய உதறிடுவேன்.

ஒரு நாள் ஈரப் பெயிண்ட்ல முடியப் பாத்துட்டாரு. என்னடி இதுன்னாரு. நாந்தாங்க, மறந்துபோயி பிரஷ்ஷ நிமுத்தி வெச்சுட்டேன்னேன். அப்பா, என்ன கத்து கத்தினாரு! கத்தட்டும்னு நின்னேன். அந்தக் கோவத்துலயே இன்னும் ரெண்டு ஊசி போட்டுக்கிட்டாரு.

நீ பயப்படாம எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போம்மா. எத வேணா இழுத்துப் பாரு, ஒரு முடி வராது. படத்துல இருக்குறது அவரு தலைமுடி. அத மட்டும் நான் வெச்சுக்குறேன்.